பொய் சொன்ன நூற்று அறுபத்தைந்து

"ராத்திரி வரைக்கும் தாங்குவாரா டாக்டர்?"

எஸ்லின் போனில் கேட்டது அவ்வளவுதான். மறுமுனையில் வந்த பதிலுக்கு "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.  கபீர் நான்கு வருஷமாகத் துப்பறிவாளரான அவளிடம் டிரைவராக வேலை பார்க்கிறான். நல்ல செய்தி வந்தால் அக்கா கண்ணாடியைத் துடைக்க மாட்டாள்.

"என்னக்கா சொல்லுதாரு?"

"இன்சுலின் போட்டு மூணு நாளாச்சு. இன்னைக்கு ராத்திரியைத் தாண்டுறது கஷ்டம்னு சொல்லுதாரு."

கபீர் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. ஜும்மா தொழுகை முடித்து, சங்கரன்கோவில் பிரியாணியை மூக்கால் மட்டும் ருசித்துவிட்டு இந்த டியூஷன் மாடிக்கு ஓடி வந்திருந்தான். இப்போது அந்தப் பசியும் செத்துப்போயிருந்தது.

காணாமல் போனவர் அருமைநாயகம் சார். வயது ஐம்பத்தெட்டு. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவர். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு விடிகாலையில், ராயகிரியில் ஒரு கல்யாணத்துக்காக வாசுதேவநல்லூர் வழியாக ஸ்கூட்டரில் போனபோது, பூ மூட்டையோடு சைக்கிளில் வந்த பிச்சையா என்பவரை ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனதைக் கண்ணால் பார்த்தார். ஓட்டினவன் யார் என்பதும் அவருக்குத் தெரியும். மனைவி நேசமணியிடம்கூடப் பெயரைச் சொல்லவில்லை. "அவனே ஸ்டேஷனுக்குப் போய் ஒத்துக்கிடட்டும். செவ்வாய்க்கிழமை வரைக்கும் டைம் கொடுத்திருக்கேன்" என்றாராம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டியூஷன் முடித்துக் கிளம்பியவர் வீடு வந்து சேரவில்லை.

மறுநாள் அவர் போனிலிருந்து நேசமணிக்கு ஒரு மெசேஜ் வந்தது. 'மதுரையில் அவசர வேலை. திங்கள் வருவேன்.' அதோடு போன் ஆஃப். போலீஸில் அதைக் காட்டினால், "சார்தான் சொல்லிட்டுப் போயிருக்காரே அம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்சுலின் ஊசியை வீட்டு ஃபிரிட்ஜிலேயே விட்டுவிட்டு எந்தச் சர்க்கரை வியாதிக்காரர் இத்தனை நாள் வெளியூர் போவார்? நேசமணி கேட்ட இந்த ஒரு கேள்விக்காகத்தான் எஸ்லின் பாளையங்கோட்டையிலிருந்து காரை எடுக்கச் சொன்னாள்.

வகுப்பில் ஒரு கரும்பலகை, பத்துப் பெஞ்சு. பலகையின் வலது மூலையில் செவ்வாய்க்கிழமை தேதியோடு ஒரு கட்டம். அதற்குள் 'இன்று பிடிபட்ட கள்ளன்: 240. பிடித்தது: ஷாஹின் பானு' என்று எழுதியிருந்தது.

"டியூஷனா, குற்றப் பிரிவா அக்கா இது?" என்றான் கபீர்.

எஸ்லின் பதில் சொல்வதற்குள் படியேறி வந்தான் ஒருவன். முப்பதைத் தொடாத வயது, மடிப்புக் கலையாத சட்டை, விரலில் சுழலும் சாவிக்கொத்து. ஆசிர். இதே டியூஷனில் படித்து, இப்போது இதே டியூஷனில் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவன்.

"சாரி அக்கா, பஸ் லேட்டு. என் காரு ராஜபாளையத்துல சர்வீஸ்ல கெடக்கு. சாரைப் பத்தி ஏதாவது தெரிஞ்சுதா?"

எஸ்லின் தன் போனை நீட்டினாள். "நேத்து சாயங்காலம் அஞ்சரைக்கு சார் போன்ல இருந்து பிளஸ் ஒன் குரூப்புக்கு வந்த ரெண்டு படம். ஒண்ணு கணக்கு, இன்னொண்ணு விடை. இது சரியானு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க தம்பி."

முதல் படத்தில் ஒரு கோடு போட்ட தாள். சாரின் சாய்ந்த கையெழுத்து. '0 முதல் 180 டிகிரிக்குள் தீர்க்க: sin x + cos x = 1/√2.' இரண்டாவது படத்தில், 'x = 105, 165. அனைவரும் எழுதிப் பழகவும். திங்கள் வருகிறேன்.'

ஆசிர் சாக்பீஸை எடுத்து மளமளவென்று எழுதினான். இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்தினான். sin 2x = –1/2 என்று வந்தது. 2x என்பது 210 அல்லது 330. பாதியாக்கினால் 105, 165. சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுத் திரும்பினான்.

"ரெண்டும் கரெக்டா வருது. சார் கணக்குல தப்பு வருமா அக்கா? நல்லாத்தான் இருக்காருனு எனக்குத் தோணுது. நாமதான் வீணாப் பதறுதோம்."

"எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றாள் எஸ்லின். கபீர் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கீழே இறங்கினபோது படிக்கட்டு ஓரத்தில் சைக்கிளோடு ஒரு பெண் நின்றிருந்தாள். பள்ளிச் சீருடை, முக்காடு, தூங்காத கண்கள்.

"நீங்கதான சாரைத் தேடி வந்தவங்க? நான் ஷாஹின் பானு."

"கள்ளனைப் பிடிச்ச புள்ளையா?" என்றான் கபீர்.

அவள் சிரிக்கவில்லை. "நேத்து வந்த விடை தப்பு. நேத்து ராத்திரியே கேக்கலாம்னு பாத்தேன். குரூப்ல யாரும் எழுத முடியாதபடி மாத்தி வச்சிருக்கு."

"என்ன தப்பு?" என்று எஸ்லின் குனிந்தாள்.

"165 வராதுக்கா. 180-க்குப் பதினஞ்சு குறைச்சல்லா அது? அப்போ சைன் 165-ம் சைன் 15-ம் ஒண்ணு. ரூட் மூணு மைனஸ் ஒண்ணு, கீழே ரெண்டு ரூட் ரெண்டு. காஸ் மட்டும் மைனஸாயிரும். மைனஸ் ரூட் மூணு, மைனஸ் ஒண்ணு, கீழே அதே ரெண்டு ரூட் ரெண்டு. ரெண்டையும் கூட்டினா ரூட் மூணு அடிபட்டுப் போயிரும். மிச்சம் மைனஸ் ஒண்ணு பை ரூட் ரெண்டு. கணக்குல கேட்டது பிளஸ்ல்லா!"

"105?"

"அது சுத்தமா வருது. அறுபதையும் நாப்பத்தஞ்சையும் கூட்டிப் போட்டுப் பாத்துட்டேன்."

கபீர் தலையைச் சொறிந்தான். பத்தாம் வகுப்பில் கணக்கு அவனைக் கைவிட்டது, அவனும் கணக்கைக் கைவிட்டான். "பின்ன 165 எப்படிம்மா உள்ள வந்துச்சு?"

"வர்க்கப்படுத்தினா பிளஸுக்கும் மைனஸுக்கும் வித்தியாசம் தெரியாமப் போயிரும்லா. அந்த சந்துல பொய் விடையும் கூட வந்துரும். அதான் ஒவ்வொரு விடையையும் திரும்ப முதல் வரியில போட்டுப் பாக்கணும். பொய்யா வந்ததுக்குப் பேரு கள்ளன். பிடிச்சவங்க பேரைச் சார் போர்டுல எழுதுவாரு. சரிபாக்காம விட்டா அவ்வளவுதான், அன்னைக்குப் பூரா பேச்சு வாங்கணும்."

"ஹெல்மெட் போட்டு ரெண்டு பேரு வந்த மாதிரி. கழட்டிப் பாத்தாத்தான் நம்ம ஆளா வேத்தாளானு தெரியும்" என்றான் கபீர்.

"சாரு ஹெல்மெட்டைக் கழட்டாம விட மாட்டாரு அண்ணாச்சி." அவள் சைக்கிள் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தாள். "சாருக்கு என்னமோ ஆயிட்டு."

எஸ்லின் அவள் தோளைத் தொட்டாள். "நீ சொன்னது போதும் மக்கா. வீட்டுக்குப் போ. யார்கிட்டயும் இதைப் பேசாத. மாடியில இருக்கவர்கிட்டயும்."

சைக்கிள் தெருமுனையில் திரும்பும்வரை எஸ்லின் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போனில் அந்த இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"கபீரு, சார் தெரிஞ்சே கள்ளனை உள்ள விட்டிருக்காரு. பிடிங்கனு பிள்ளைகளுக்குச் சொல்லுதாரு. 165 அவர் இருக்கிற இடமா இருக்கணும்."

"பஸ் நம்பரா? வீட்டு நம்பரா? சங்கரன்கோவில்ல வீட்டு நம்பரை வச்சுத் தபால்காரரே வீடு கண்டுபிடிக்க மாட்டாரு அக்கா."

"இதைப் பாரு. முதல் படத்துல தாளுக்குக் குறுக்க ஒரு பட்டை நிழல். ரெண்டாவது படத்துல அது இல்ல. தாளு அசையல, மேசை அசையல. சன்னல் கம்பி நிழலா இருந்தா ரெண்டுலயும் இருக்கணும்."

கபீர் போனை வாங்கி உற்றுப் பார்த்தான். அகலமான, ஓரம் மங்கின நிழல். சாயங்கால வெயில் சன்னல் வழியாக விழுந்திருக்கிறது. அந்த வெயிலின் குறுக்கே ஏதோ பெரிதாக வருகிறது, விலகுகிறது, மறுபடி வருகிறது. அவன் வாய் தானாகத் திறந்தது.

"யா அல்லாஹ். காத்தாடி!"

பனவடலிசத்திரம் பக்கம் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வயல்களுக்கு நடுவே காற்றாலைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் காலிலும் ஆள் உயரத்துக்கு ஒரு நம்பர். கபீர் அடுத்த நிமிஷமே, அங்கே வாட்ச்மேனாக இருக்கும் துரைப்பாண்டியைப் போனில் பிடித்துவிட்டான்.

"165 பழைய கோழிப்பண்ணைக்கு மேற்கால நிக்கு. பண்ணையை மூடி மூணு வருசமாச்சாம். 105 எட்டு கிலோமீட்டர் தள்ளி, தார் ரோட்டு ஓரத்துல" என்றான் போனை வைத்துவிட்டு.

"வண்டியை எடு." எஸ்லின் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஆசிர் தம்பி! ஒரு துப்பு கெடைச்சிருக்கு. உள்ளூர் ஆளு ஒருத்தர் கூட வந்தா நல்லது. வாங்க."

கபீருக்குப் புரியவில்லை. அந்தப் பெண்ணிடம் மாடிக்காரரிடம் சொல்லாதே என்றவள், இப்போது அவனையே காரில் ஏற்றுகிறாள். வாயைத் திறக்கப் போனவன், எஸ்லின் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

முன்சீட்டில் அவள். மடியில் நேசமணி கொடுத்தனுப்பிய ஐஸ் பை, உள்ளே இன்சுலின். பின்சீட்டில் ஆசிர். ஊரைத் தாண்டியதும் எஸ்லின் திரும்பாமலே சொன்னாள்.

"சார் எழுதின விடை காத்தாடி நம்பரா இருக்கலாம்னு ஒரு சந்தேகம் தம்பி. 105 ஒண்ணு, 165 ஒண்ணு. ரெண்டும் வேற வேற திசை. முதல்ல எங்கன போலாம்?"

"105" என்றான் ஆசிர், அவள் முடிப்பதற்குள். "அதான முதல்ல எழுதியிருக்காரு. ரோட்டு ஓரம் வேற. சீக்கிரம் பாத்துறலாம்."

"அதுவும் சரிதான். கபீரு, 165-க்குப் போ."

கபீர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தான். ஏசி முழுசாக ஓடிக்கொண்டிருந்தும் ஆசிரின் நெற்றி பளபளத்தது. அவன் கை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போனது.

"தம்பி, உங்க போனைக் கொஞ்சம் தாங்க. என்னோடதுல சார்ஜ் இல்ல. டாக்டரைக் கூப்பிடணும்."

கொடுக்காமல் இருக்க என்ன காரணம் சொல்வது? ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுக் கொடுத்தான். எஸ்லின் அதை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். யாரையும் கூப்பிடவில்லை.

"அக்கா, எனக்கு ஒரு மாதிரி குமட்டுது. வண்டியை நிப்பாட்டச் சொல்லுங்க."

"நிப்பாட்டாத கபீரு."

"அண்ணாச்சி..."

"சன்னலைத் திறந்து வெளிய எடும் வே. வண்டி நான் கழுவிக்கிடுதேன்" என்றான் கபீர். சொல்லிவிட்டுக் கதவுகளின் லாக்கைப் போட்டான். ஏன் போட்டான் என்று அவனுக்கே முழுதாகத் தெரியாது. 

செம்மண் பாதையில் ஒரு கிலோமீட்டர் குலுங்கி, கார் நின்றது. தலைக்கு மேலே வெள்ளை இறக்கைகள் 'வூம், வூம்' என்று சுற்றின. காலில் கறுப்பு எழுத்தில் 165. அதன் நிழல் நீளமாக விழுந்து, கிழக்கே இருந்த ஓட்டுக் கட்டடத்தின் சன்னலை ஒரு நொடி மறைத்தது, அடுத்த நொடி விட்டது.

கபீர் இறங்கி ஓடினான். இரும்புக் கதவு. புதுப் பூட்டு. "சார்! சார்!" உள்ளிருந்து சத்தமே இல்லை. டிக்கியிலிருந்து ஜாக்கி ராடை எடுக்கத் திரும்பினவன், எஸ்லின் ஆசிருக்கு முன்னால் கையை நீட்டி நிற்பதைப் பார்த்தான்.

"சாவியைக் கொடுங்க தம்பி."

"என்ன சாவி? நீங்க என்ன..."

"சர்வீஸ்ல விட்ட காருக்குச் சாவி உங்க கையில எதுக்குனு முதல்லயே யோசிச்சேன். அது கார் சாவி இல்ல. புதுப் பூட்டுச் சாவி. கொடுங்க. உள்ள ஒரு மனுசனுக்கு உசுரு போயிட்டு இருக்கு."

ஆசிர் பின்னால் ஒரு எட்டு வைத்தான். முதுகில் கார் இடித்தது.

"யார் பிடிச்சு வச்சிருக்கானு நான் கண்டுபிடிக்கல" என்றாள் எஸ்லின். அவள் குரல் ஏறவே இல்லை. "சார்தான் சொன்னாரு. கணக்குத் தெரியாத ஆளு காவலுக்கு இருந்தா அவர் எந்தக் கணக்கை வேணும்னாலும் போட்டிருக்கலாம். இவ்வளவு பாத்துப் பாத்து ஒண்ணைச் செஞ்சிருக்க வேண்டாம். நல்லாத் தெரிஞ்ச ஆளா இருந்தா உடனே பிடிச்சிருப்பான். வர்க்கப்படுத்தத் தெரியும், திருப்பிப் போட்டுப் பாக்க மட்டும் பொறுமை இல்ல, அப்படி ஒருத்தனுக்காகச் செஞ்ச கணக்கு இது. சார் நல்லா இருக்காருனு ஊரை நம்ப வைக்க உங்களுக்கு அவர் கையெழுத்துல ஒரு கணக்கு வேணும். அனுப்புறதுக்கு முன்னால நீங்க இங்கன உக்காந்து போட்டுப் பாத்திருப்பீங்க. 105, 165. சரியா இருக்குனு அனுப்பிட்டீங்க. இன்னைக்கு என் கண்ணு முன்னால போர்டுலயும் அதையே போட்டீங்க."

சாவிக்கொத்து மண்ணில் விழுந்தது. கபீர் அதை எடுத்துக்கொண்டு ஓடினான்.

கோழி எச்சத்தின் பழைய நாற்றம். சன்னலோரம் ஒரு மேசை. பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் ஒரு எலும்புக் குவியலாகச் சார். காலில் சங்கிலி. உதடு வெடித்திருந்தது. மூச்சு மட்டும் வேகவேகமாக ஓடியது. கபீர் தண்ணீரை உதட்டில் நனைத்தான். எஸ்லின் 108-க்குச் சொல்லிவிட்டு, டாக்டரை ஸ்பீக்கரில் போட்டு, அவர் சொன்ன அளவுக்கு ஊசியை ஏற்றினாள்.  கபீருக்கு ஒரு ஜோக்கும் தோன்றவில்லை. பயமாக இருந்தது, அழுகையாக வந்தது.

பத்து நிமிஷம் கழித்துச் சார் கண்ணைத் திறந்தார். கதவருகே நின்றவனை அடையாளம் கண்டுகொண்டார்.

"சார், கொல்லணும்னு நெனைக்கல சார்" என்று ஆசிர் தரையில் உட்கார்ந்துவிட்டான். "ஊசி வேணும்னு சொன்னீங்க. வாங்கப் போனா மாட்டிக்கிடுவேனோனு... நாளைக்கு விட்டுறலாம், நாளைக்கு விட்டுறலாம்னு..."

"தெரியும்லே." குரல் காற்றாக வந்தது. எஸ்லின் பேச வேண்டாம் என்று கையமர்த்தினாள். அவர் கேட்கவில்லை. "பிச்சையா உடனே சாகல. தெரியுமா உனக்கு? இருபது நிமிசம் உசுரு இருந்துச்சு. 108-க்குச் சொல்லிட்டு நான் மடியில போட்டு வச்சிருந்தேன்."

ஆசிர் தலையைத் தூக்கினான்.

"ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தான். அந்தக் காரு திரும்பி வருமா சாருனு கேட்டான். ஓட்டினது நீதான்னு எனக்குத் தெரியும். நான் வளத்த பயலாச்சேனு, வரும் பிச்சையானு சொன்னேன். வந்துருவான்னு சொன்னேன்லே. அவன் அதை நம்பிக்கிட்டேதான் போனான்." சார் மூச்சு வாங்கினார். "போலீசுக்கு நான் உடனே சொல்லாததுக்கு அதான் காரணம். உனக்காக இல்ல. அவன்கிட்டச் சொன்ன வார்த்தைக்காக."

காற்றாடியின் நிழல் சுவரில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஆசிர் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தான், வெளியே நடந்தான், பிறகு ஓடினான்.

கபீர் ராடைத் தூக்கிக்கொண்டு பின்னால் பாய்ந்தான். எஸ்லின் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"அக்கா, ஓடுதான்!"

"போலீசுக்கு லொகேஷன் போட்டாச்சு. எங்கன போவான்? நீ இவர் கையைப் பிடிச்சுக்கோ."

சார் கையைப் பிடித்தபடியே கபீர் வாசல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். செம்மண் பாதையின் கடைசியில், மெயின் ரோட்டில் ஆசிர் சின்னதாகத் தெரிந்தான். இடதுபுறம் போனால் திருநெல்வேலி பஸ். வலதுபுறம் சங்கரன்கோவில். அவன் இரண்டு பக்கமும் போகவில்லை. தூரத்தில் ஆம்புலன்ஸின் சங்கு கேட்டது. பாதை தெரியாமல் அது நேராகப் போய்விடப் போகிறது என்று கபீர் பதறிய அந்த நேரத்தில், ஆசிர் நடுரோட்டுக்குப் போய் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினான்.

ஆம்புலன்ஸ் திரும்பியது. அதற்கு முன்னால் வழி காட்டிக்கொண்டு, அவன் கோழிப்பண்ணையை நோக்கித் திரும்பி ஓடி வந்தான்.

"யாரு வாரா?" என்று சார் கண்ணை மூடியபடியே கேட்டார்.

"ஆசிர் வாரான் சார்" என்றான் கபீர்.